படம் பார்த்த பிறகு எடுக்கும் பேட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் திரைப் பக்கத்தில் வாரந்தோறும் ஒரு நடிகரோ இயக்குநரோ தம் புதிய படத்தைப் பற்றிப் பேசுகிறார். பக்கத்தில் பாதிக்கு மேல் அந்தப் பேட்டிக்கே போகிறது. அவ்வளவு இடம் ஒதுக்கும் மனம் பெரிய மனம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் படம் வெளியாவதற்கு முந்தைய வாரம் எடுத்த பேட்டி. கேட்பவர் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். பல நேரங்களில் பேசுபவரும் முழுப் படத்தைப் பார்த்திருக்க மாட்டார். இருவருமே பார்க்காத ஒன்றைப் பற்றி இருவர் எவ்வளவு பேசிவிட முடியும்? அந்தப் பேட்டியை ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாள் தள்ளிப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் ஒரு தமிழ்ப் படம் எந்த நிலையில் இருக்கும் என்பதை வாசகர்களும் தெரிந்துகொள்வது நல்லது. டிஐ, அதாவது படத்தின் வண்ணத்தைத் திருத்தும் வேலை, ஒரு ஸ்டூடியோவில் நடந்துகொண்டிருக்கும். ரீ-ரெக்கார்டிங் என்னும் பின்னணி இசைப் பதிவு இன்னோர் இடத்தில். வசனம், இசை, ஓசை எல்லாவற்றையும் கலக்கும் மிக்ஸிங் கடைசி ரீல்களில் நிற்கும். கிராபிக்ஸ் ஷாட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். நடிகர் தம் படத்தைக் கடைசியாகப் பார்த்தது டப்பிங் தியேட்டரில். அதுவும் தாம் வரும் காட்சிகளை மட்டும், இசை இல்லாமல், வண்ணம் திருத்தாத படத்தில், பின்னால் பச்சைத் துணி தொங்க. அந்த நிலையில் அவரைப் பிடித்து ஓட்டல் அறையில் உட்காரவைத்து, ஊடகத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வரிசையாக அனுப்புகிறார்கள். கதையைச் சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடும் அவர் தலைமேல் இருக்கிறது. அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? "கதை கேட்டதுமே ஓகே சொல்லிட்டேன்", "டைரக்டர் ரொம்பத் தெளிவா இருந்தார்", "செட்டே ஒரு குடும்பம் மாதிரி." பத்துப் பத்திரிகையில் பத்து முறை இதே பதில் வருவதற்கு நடிகரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை.

கேள்வி எப்படி மாற வேண்டும் என்பதை ஓர் உதாரணத்தில் சொல்லிவிடலாம். "இந்தப் படத்தில் நடித்த அனுபவம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் அனுபவம் நன்றாகத்தான் இருந்திருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் இப்படிக் கேட்கலாம்: "இடைவேளைக்கு முந்தைய காட்சியில் கதவைச் சாத்திவிட்டு மூன்று நொடி திரும்பாமலே நிற்கிறீர்கள். அது எழுத்திலேயே இருந்ததா, செட்டில் நீங்கள் செய்ததா, எடிட்டிங்கில் நீண்டதா?" இந்த ஒரே கேள்வியில் எழுத்தாளர், நடிகர், எடிட்டர் மூவரும் வந்துவிடுகிறார்கள். பதில் எதுவானாலும் வாசகருக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும். "அது எடிட்டர் வேலை, நான் உடனே திரும்பிவிட்டேன், முந்தைய டேக்கின் தொடக்கத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்" என்று ஒரு நடிகர் சொன்னால், திரை நடிப்பு என்பது எப்படி உருவாகிறது என்பதை ஒரு வாசகர் அந்த வரியிலேயே புரிந்துகொள்வார்.

இப்படிக் கேட்பதற்குப் படத்தை ஒரு முறை பார்த்தால் போதாது. முதல் முறை குறிப்பெடுக்காமல் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை சிறு நோட்டுடன், காட்சிகளின் வரிசையையும், எந்த இடத்தில் கண் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இயக்குநரின் முந்தைய இரண்டு படங்களையாவது மறுபடி பார்த்துவிட வேண்டும். அதன்பின் முப்பது கேள்வி எழுதி, அதில் பத்தை வைத்துக்கொண்டால் போதும். பழைய பேட்டிகளில் ஏற்கெனவே பதில் வந்துவிட்ட கேள்விகளை அடித்துவிடலாம். அப்படி அடித்தாலே பாதி குறைந்துவிடும்.

வேலை நடந்து ஓராண்டு ஆகியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. படப்பிடிப்பு கதை வரிசையில் நடப்பதில்லை. கிளைமாக்ஸை முதல் ஷெட்யூலில் எடுத்திருப்பார்கள். தொடக்கக் காட்சியின் ஒரு துண்டு கடைசியில் பேட்ச் ஒர்க்காக, அதாவது விடுபட்டதை எடுத்துச் சேர்க்கும் வேலையாக, வந்திருக்கும். ஆகவே "அந்தக் காட்சியை எப்படிச் செய்தீர்கள்?" என்றால் நடிகர் திகைப்பது இயல்பு. வெளியிட்ட ட்ரெய்லரிலோ பாடல் காணொளியிலோ அந்தக் காட்சியின் துண்டு இருந்தால், எத்தனையாவது நொடி என்று குறித்து வைத்துக்கொண்டு கைப்பேசியில் காட்டுங்கள். அரை நிமிடம் பார்த்ததும் அந்த நாளின் வெயில், நின்ற இடம், எத்தனை டேக் போனது எல்லாம் நினைவுக்கு வரும். வெளியீட்டுக்கு முன்பே பேட்டி எடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் வந்தாலும் இந்த வழி கைகொடுக்கும். ட்ரெய்லர் எல்லோருக்கும் பொது. அதில் இருப்பதைக் கேட்டால் கதையைச் சொன்னதாகாது.

அடுத்தது சொற்கள். கோடம்பாக்கத்துக்கு என்று ஒரு மொழி இருக்கிறது. அது தெரியாமல் எழுதும்போது அச்சில் பெரிய பிழைகள் வந்துவிடுகின்றன. ரீ-ரெக்கார்டிங் என்றால் தமிழ்த் திரையுலகில் பின்னணி இசை அமைத்துப் பதிவு செய்வது. ஹாலிவுட்டில் அதே சொல் வசனம், இசை, ஓசை எல்லாவற்றையும் கலந்து முடிக்கும் மிக்ஸிங்கைக் குறிக்கும். வெளிநாட்டு ஒலிக்கலைஞர் ஒருவரின் பேட்டியை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல்லை அப்படியே விட்டால், அவர் இசையமைத்தார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். பழைய தலைமுறை தொழில்நுட்பக் கலைஞர் "ஒரு மானிட்டர் பார்த்தோம்" என்றால் அது திரையில் பார்த்ததல்ல. டேக்குக்கு முன் நடந்த ஒத்திகை. "டபுள் பாசிட்டிவ் பார்த்தப்பவே தெரிஞ்சுது" என்பவர், இசையும் ஓசையும் சேர்ந்து முடியாத நிலையில் பார்த்த தொகுப்பைச் சொல்கிறார். "சஜஷன்ல எடுத்தோம்" என்றால் எதிரில் நிற்பவரின் தோள் ஓரமாகத் தெரியும் ஷாட். யோசனை சொன்னதாக எழுதிவிடக்கூடாது. இந்தச் சொற்களைத் தூய தமிழாக்கத் தேவையில்லை. அப்படியே விட்டு, பக்கத்தில் அரை வரியில் பொருள் சொன்னால் போதும். அடுத்த முறை வாசகருக்கு அது பழகிய சொல் ஆகிவிடும்.

குரலைப் பற்றித் தங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதே இல்லை என்பது எனக்குள்ள பெரிய மனக்குறை. தமிழ்ப் படங்களில் கதாநாயகிகள் பலருக்கு இன்னொருவர் குரல் கொடுக்கிறார். அந்தக் கலைஞரின் பெயர் டைட்டிலில் வரும், பேட்டியில் வராது. நடிகை சொன்ன ஒரு வசனத்தை விமர்சகர் பாராட்டுகிறார். அதைப் பேசியவர் வேறொருவர். குறைந்தபட்சம் "இந்தப் படத்தில் ஒலிப்பது உங்கள் குரலா?" என்று கேட்டே ஆக வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் அது அவருக்கு இழுக்கல்ல. அப்போதுதான் நல்ல கேள்விகளே தொடங்குகின்றன. செட்டில் பேசியது எந்த மொழியில்? யார் ப்ராம்ப்ட் செய்தார், அதாவது வசனத்தை எடுத்துக்கொடுத்தார்? மொழி தெரியாதவர் பொருள் புரிந்து இடைவெளி விட்டாரா, மூச்சு முட்டிய இடத்தில் விட்டாரா? டப்பிங் கலைஞரிடம் கேட்க இன்னும் நுட்பமானவை உண்டு. ப, ம ஆகிய எழுத்துகளில் இரண்டு உதடுகளும் ஒட்டும்; வ-வில் மேற்பல் கீழுதட்டைத் தொடும். படத்தில் வாய் மூடும் இடத்தில் இந்த எழுத்துகள் விழாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். க, த, ந, ல போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு. தொலைவிலிருந்து எடுத்த ஷாட்டில் சிக்கலே இல்லை. தெலுங்கில் பேசி எடுத்த க்ளோஸ்-அப்புக்குத் தமிழ் வசனம் எழுதுபவர், பொருளும் மாறாமல் உதடு ஒட்டும் இடத்தில் ஒட்டும் எழுத்தும் வரும்படி சொல்லைத் தேடுகிறார். இதைப் பற்றி அரைப் பக்கம் வந்தால் படிக்க எத்தனை பேர் இருப்பார்கள்!

"தமிழில் முதன்முறையாக" என்ற சொல்லை ஒருவர் சொன்னார் என்பதற்காகவே அச்சேற்றிவிடக்கூடாது. ஸிங்க் சவுண்டில், அதாவது செட்டிலேயே குரலைப் பதிவு செய்து எடுத்ததைப் பற்றி அவ்வப்போது இந்த உரிமை கோரப்படுகிறது. 1930களின் தொடக்கத்தில் வந்த பேசும்படங்களில் நடிகர்கள் மைக் முன்னாலேயே பேசினார்கள், பாடினார்கள். வேறு வழியே அன்று இல்லை. பின்னணிப் பாடல் முறை அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் தமிழுக்கு வந்தது. ஆக, செட்டில் பதிவதுதான் பழைய முறை. டப்பிங் பின்னால் வந்தது. இன்று ஒருவர் அதைத் திரும்பக் கொண்டுவந்தால் அது பெரிய உழைப்பு. செட்டில் ஜெனரேட்டரைத் தள்ளி வைப்பதிலிருந்து மின்விசிறியை நிறுத்துவது வரை என்னென்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். அதற்கு "முதன்முறை" என்ற பட்டம் வேண்டியதில்லை.

இன்னொரு பழைய கேள்வியும் இன்று பொருள் மாறிவிட்டது: "எத்தனை டேக் போனீர்கள்?" ஃபிலிமில் எடுத்த காலத்தில் 35 மி.மீ. 400 அடி ரோல் சுமார் நான்கரை நிமிடமே ஓடும். ஒவ்வொரு டேக்கிலும் தயாரிப்பாளரின் பணம் கேமராவுக்குள் ஓடுவது எல்லோருக்கும் கேட்கும். ஆகவே ஒத்திகை அதிகம், டேக் குறைவு. டிஜிட்டலில் கேமராவை நிறுத்தாமலே ஐந்து முறை செய்யச் சொல்லலாம். அதை ஒரு டேக் என்பதா, ஐந்து என்பதா? இப்போது எண்ணிக்கையைவிட, "கேமரா ஓடிக்கொண்டே இருப்பது உங்களுக்கு உதவுகிறதா, களைப்பூட்டுகிறதா?" என்று கேட்பதில்தான் பயன்.

பதிவு செய்யும் முறையில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் பேட்டியையே கெடுத்துவிடும். ஒரு கருவியை நம்பக்கூடாது. கைப்பேசி ஒன்று, தனிப் பதிவுக்கருவி ஒன்று என இரண்டு ஓட வேண்டும். கைப்பேசியை விமான நிலையில் வைக்காவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும். பேட்டி முடிந்த பிறகுதான் அது தெரியும். கருவி பேசுபவரின் வாயிலிருந்து ஓரடி, ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். காபிக் கோப்பை இருக்கும் மேஜையில் நேராக வைத்தால் ஒவ்வொரு முறை கோப்பையை வைக்கும்போதும் ஒரு சொல் போய்விடும்; மடித்த கைக்குட்டையின் மேல் வையுங்கள். ஏசி காற்று நேரே வீசும் இடமும், பாட்டு ஓடும் ஓட்டல் முகப்பும் ஆகாது. தொடங்குமுன் அரை நிமிடம் பதிந்து, ஹெட்ஃபோனில் கேட்டுவிட வேண்டும். பதிவு செய்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; பேசுபவருக்குத் தெரியாமல் உரையாடலைப் பதிவு செய்யக்கூடாது என்பது இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நெறிகளிலேயே இருக்கிறது. எதை எழுதலாம், எது தனிப்பேச்சு என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இதைப் போட்டுடாதீங்க" என்று அவரும், "சொன்னீர்களே" என்று இவரும் நிற்கும் சங்கடம் அதனால் தவிரும்.

கேட்கும்போது ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. மூன்றைச் சேர்த்துக் கேட்டால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும். பதில் முடிந்ததும் நான்கைந்து நொடி பேசாமல் இருந்து பாருங்கள். தயாரித்து வைத்திருந்த பதில் தீர்ந்து, உண்மையான பதில் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வருகிறது. நடிகைகளிடம் சருமம், உணவு, திருமணம் என்று கேட்கும் வழக்கத்தை இனியாவது விட்டுவிடுங்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் நடிகரிடம் கேட்காத எதையும் அவரிடம் கேட்கவேண்டாம்.

எழுத்தில் இறக்கும் இடத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு மணி நேரப் பதிவை முழுதாக எழுத நான்கு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் இல்லாதபோது நினைவிலிருந்து எழுதுகிறார்கள். நினைவு எப்போதும் பேசியவரின் சொல்லைவிட எழுதுபவரின் சொல்லையே கொடுக்கும். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக மாற்றுவதில் தவறில்லை. ஆனால் ஒரே பேட்டியில் ஒரு பதில் "பண்ணியிருக்கோம்", அடுத்த பதில் "செய்திருக்கிறோம்" என்று இருந்தால் இரண்டு பேர் பேசுவதுபோல் இருக்கிறது. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது "நாங்கள்", "நாம்" வேறுபாடு. ஆங்கிலத்தில் பேட்டி கொடுக்கும் நடிகர் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வார். "நாங்கள் இதை மாற்ற வேண்டும்" என்றால் படக்குழு. "நாம் இதை மாற்ற வேண்டும்" என்றால் கேட்பவரும் நாடும் சேர்ந்துவிடும். ஒரு தொழில்நுட்பக் குறை பற்றிச் சொன்னது இந்த ஒரு சொல் மாற்றத்தில் சமூகக் கருத்தாகிவிடும். ஐயம் இருந்தால் தொலைபேசியில் ஒரே நிமிடத்தில் கேட்டுவிடலாம். மலையாளத்திலும் இதே வேறுபாடு உண்டு என்பதால், அந்த மொழி நடிகர்களிடம் "ஞங்ஙளா, நம்மளா?" என்று கேட்டாலே போதும்.

தலைப்பு வைப்பவர் பெரும்பாலும் பேட்டி எடுத்தவர் அல்லர். "அந்தக் காட்சி முதலில் எனக்குப் பிடிக்கவில்லை; எடிட்டிங்கில் பார்த்த பிறகுதான் இயக்குநர் ஏன் அப்படி எடுத்தார் என்று புரிந்தது" என்று ஒருவர் சொன்னால், தலைப்பு "அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை" என்று வரும். ஒரு அரைப்புள்ளியில் வெட்டியதால் பாராட்டு பழியாகிவிடும். அடுத்த முறை அந்த நடிகர் எச்சரிக்கையாகிவிடுவார். மறுபடியும் "செட்டே ஒரு குடும்பம்" என்ற பதில்தான் நமக்குக் கிடைக்கும். வாக்கியத்தின் இரண்டு பாதியும் தலைப்பில் இடம் பெறாவிட்டால் அந்த வாக்கியத்தைத் தலைப்பாக்க வேண்டாம். பேட்டியை அச்சுக்கு முன் பேசியவரிடம் முழுதாகக் காட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிக் காட்டினால் விளம்பரத்துறை திருத்திய பிரதிதான் திரும்பி வரும். லென்ஸ், நாள் கணக்கு, ஊர், உடன் வேலை செய்தவர் பெயர் போன்ற தகவல்களை மட்டும் வாசித்துக் காட்டிச் சரிபார்த்தால் போதும்.

மின்னஞ்சலில் வரும் பதில்களை நேர்ப்பேட்டிபோல் வெளியிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி. அவற்றை அடையாளம் காண்பதும் கடினமல்ல: எல்லாப் பதிலும் ஒரே நீளம், தயக்கம் எங்கும் இல்லை, ஒவ்வொன்றிலும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர். ஒவ்வொரு பேட்டியின் அடியிலும் சிறிய எழுத்தில் ஒரு வரி போடுங்கள்: எந்தத் தேதியில் எடுத்தது, நேரிலா தொலைபேசியிலா மின்னஞ்சலிலா, எத்தனை நிமிடம், படம் பார்ப்பதற்கு முன்பா பின்பா. மேலாளரோ, படத்தின் மக்கள் தொடர்பாளரான பி.ஆர்.ஓ.வோ உடன் இருந்திருந்தால் அதையும். பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகத் தணிக்கைச் சான்றிதழில் உள்ள விவரமும் வரட்டும்: சான்று பெற்ற தேதி, ஓடும் நேரம், வகை. யுஏ சான்று 7+, 13+, 16+ என்று வயதுவாரியாக மூன்றாகப் பிரிந்திருப்பதால் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் அது பயன்படும்.

பி.ஆர்.ஓ.க்களைப் பகைத்துக்கொள்ளச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு அந்த வேலையைச் செய்து, தமிழ்த் திரையின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்பட்ட ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான், வெளியான படங்களின் விவரங்களைப் பல பத்தாண்டுகள் கைப்படத் தொகுத்து வைத்தவரும். இன்று பலர் எடுத்தாளும் தகவல்கள் அவர் சேர்த்தவை. விளம்பர வேலையும் துல்லியமும் ஒரே கையில் இருக்க முடியும்.

வெளியீட்டுக்குப் பிறகு நடிகர் கிடைக்கமாட்டார், அடுத்த படத்துக்குப் போய்விடுவார் என்ற பதில் வரும் என்பது தெரியும். முன்கூட்டியே கேட்டு வைத்தால் இருபது நிமிடத் தொலைபேசி கிடைக்கும். வெள்ளி முதல் காட்சி, சனி இரண்டாம் முறை, திங்களில் பேட்டி, அதற்கடுத்த ஞாயிறு அச்சு. வெளியாகி ஒன்பது நாள் ஆகியிருக்கும். பார்க்க நினைத்தவர்களில் பலர் பார்த்திருப்பார்கள். முடிவைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் பத்தியின் தொடக்கத்திலேயே எச்சரித்துவிடலாம். நடிகர் கிடைக்காத வாரத்தில் எடிட்டர், கலை இயக்குநர், ஒலி வடிவமைப்பாளர், சண்டைப் பயிற்சியாளர், உடை வடிவமைப்பாளர் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதாலேயே அவர்கள் நிறையச் சொல்வார்கள்.

உலக அளவில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோ, ஹாலிவுட்டில் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்குடன் நாள்கணக்கில் உட்கார்ந்து பேசினார். ஒருவர் மொழி மற்றவருக்குச் சரளமில்லை. ஹெலன் ஸ்காட் நடுவில் மொழிபெயர்த்தார். படம் படமாக, காட்சி காட்சியாகக் கேள்விகள் சென்றன. 1966-இல் அது நூலாக வந்தபோது, பேச்சில் வரும் காட்சிகளின் படங்களும் வரிசையாகப் பக்கத்திலேயே இருந்தன. நாளிதழில் அவ்வளவு முடியாது. ஆனால் நட்சத்திரம் சுவரில் சாய்ந்து நிற்கும் விளம்பரப் படத்துக்குப் பதிலாக, பேட்டியில் பேசும் அந்தக் காட்சியின் ஒரு படத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கிப் போடலாம்.

கடைசியாக, அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். 1931 அக்டோபர் 31-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி அதில் எப்படிப் பேசினார், எப்படிப் பாடினார் என்பதற்கு அன்றைய பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அவரிடம் அந்த வாரமே ஒரு நிருபர் உட்கார்ந்து, மைக் எங்கே இருந்தது, பாட்டின் நடுவில் நகர முடிந்ததா என்று கேட்டு எழுதியிருந்தால் இன்று எவ்வளவு பெரிய சொத்து! ஒவ்வொரு பேட்டியின் முழுப் பதிவையும் தேதி, பேசியவர் பெயர், படத்தின் பெயர் என்று கோப்புக்குப் பெயரிட்டு, இரண்டு தனித்தனி இடங்களில் சேமித்து வையுங்கள். அச்சில் வந்தது நான்கில் ஒரு பங்காக இருந்தாலும் மீதி அங்கே இருக்கும். சென்னையில் பழைய பத்திரிகைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் பேணிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கு, பேசியவரின் ஒப்புதலோடு, சில ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றைக் கொடுக்கலாம். ஒப்புதலைப் பேட்டியின் தொடக்கத்திலேயே, பதிவு ஓடும்போதே வாங்கிவிடுங்கள். பின்னால் தேடிப் போவது கடினம்.

இப்படிக்கு,
தங்கள் திரைப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்,
கோடம்பாக்கம், சென்னை - 24.